பழைய பென்ஸின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்: வெளியே சரிசெய்வதா, பிரித்துக் கட்டுவதா, வேறு பாக்ஸா, மேனுவலா?

கொஞ்ச நாளாக ஒரே கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருக்கிறது. "என்னிடம் டபிள்யூ123 பென்ஸ், 300டி ஆட்டோமேட்டிக் இருக்கிறது. கியர் மாறும்போது வண்டி தூக்கிப் போடுகிறது. மெக்கானிக் மேனுவலாக மாற்றிவிடலாம் என்கிறார். மாற்றலாமா?" சேலத்திலிருந்து ஒருவர் கேட்டார், அப்புறம் ஈரோட்டு நண்பர் ஒருவர். தனித்தனியாகச் சொன்னதை எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

வண்டியைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. டபிள்யூ123 வரிசை 1976 முதல் 1986 தொடக்கம் வரை ஜெர்மனியில் தயாரானது. மொத்தம் சுமார் 27 லட்சம் வண்டிகள். புனேயில் பென்ஸ் கார்களைக் கோர்க்கத் தொடங்கியதே 1995-இல், அதுவும் அடுத்த தலைமுறை மாடலில்தான். ஆகவே நம் ஊரில் ஓடும் டபிள்யூ123 ஒவ்வொன்றும் வெளிநாட்டிலிருந்து வந்தது. 300டி என்றால் ஐந்து சிலிண்டர், மூன்று லிட்டர் டீசல். 80-களின் வண்டிகளில் இருப்பது 722.3 வரிசை ஆட்டோமேட்டிக் பாக்ஸ். நான்கு கியர். அதில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆயில் அழுத்தம், ஸ்பிரிங், வேக்யூம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) இந்த மூன்றும் பேசிக்கொண்டு கியரை மாற்றுகின்றன.

இந்த மூன்றில் வேக்யூமை யாரும் சந்தேகிப்பதில்லை. என் வண்டியில் நான் கற்றுக்கொண்டது அதைத்தான்.

என்னுடையது 1983 மாடல். இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகும்போது பின்னால் யாரோ இடித்ததுபோல ஒரு குத்து. ஒரு பட்டறையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பாக்ஸ் போயிடுச்சு சார், மேனுவல் போட்டுடலாம்" என்றார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய வண்டிக்காரர்கள் நாங்கள் வழக்கமாகக் கூடும் இடத்தில் கோவைக்காரர் ஒருவர், எழுபது வயதிருக்கும், வண்டியைச் சுற்றி வந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணுனா இஞ்சின் உடனே நிக்குதுங்களா தம்பி?"

"இல்லைங்கண்ணா, நாலைஞ்சு செகண்டு ஓடிட்டுத்தான் நிக்கும்."

"அப்ப பாக்ஸத் திறக்காதீங்க. மொதல்ல கதவு பூட்டப் பாருங்க."

கியருக்கும் கதவுப் பூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அவர் பானெட்டைத் திறந்து காட்டினார். டீசல் இஞ்சினில் தானாக வேக்யூம் உண்டாகாது. அதற்கென இஞ்சின் முன்பக்கத்தில் ஒரு பம்ப் இருக்கிறது. பிரேக் பூஸ்டர், இஞ்சினை நிறுத்தும் சிறு டப்பி, நான்கு கதவு, டிக்கி, டேங்க் மூடி இவற்றின் பூட்டுகள், ஏசி மடல்கள், கடைசியாகக் கியர் பாக்ஸின் மாடுலேட்டர் என எல்லாம் அந்த ஒரு பம்பை நம்பித்தான் வாழ்கின்றன. ஏதோ ஒரு கதவுக்குள் இருக்கும் ரப்பர் கிழிந்து காற்று உள்ளே போனால், இஞ்சின் நிற்கத் தாமதிக்கும், கியரும் குத்தும்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது மாடுலேட்டருக்கு நிறைய வேக்யூம் போகும். பாக்ஸ் ஆயில் அழுத்தத்தைக் குறைத்து கியரை மெதுவாகப் போடும். அழுத்தி மிதித்தால் வேக்யூம் குறையும். பாக்ஸ் அழுத்தத்தைக் கூட்டி இறுக்கிப் போடும். எங்கோ கசிந்தால் மாடுலேட்டருக்கு வேக்யூம் போதாது. நாம் எப்போதும் முழுக்க மிதித்துக்கொண்டிருக்கிறோம் என்று பாக்ஸ் எண்ணிக்கொள்ளும். என் வண்டியில் நடந்தது அதுதான். கை வேக்யூம் பம்பைக் கதவுப் பூட்டுகளுக்குப் போகும் மஞ்சள் குழாயில் மாட்டி அமுக்கினோம். பம்பின் மீட்டரில் முள் ஏறிய வேகத்தில் திரும்பி விழுந்தது. ஒவ்வொரு கதவுக்குப் போகும் குழாயையும் கழற்றி, முனையில் சின்ன ஸ்க்ரூ ஒன்றைச் செருகி மறுபடி அமுக்கினோம். பின்பக்க இடது கதவை அடைத்தபோது முள் அசையாமல் நின்றது. அந்த ஸ்க்ரூவோடு அப்படியே ஒரு சுற்றுப் போய் வந்தோம். மூன்றாம் கியர் விழுந்ததே தெரியவில்லை.

எல்லா வண்டிக்கும் இதுவே காரணம் என்று சொல்ல வரவில்லை. சேலத்து நண்பரின் வண்டியில் பாக்ஸையே திறக்க வேண்டியிருந்தது; ஈரோட்டுக்காரர் மேனுவலுக்கே போனார், அவருடைய நிலைமையில் அது சரிதான். ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் சில கேள்விகளுக்கு விடை வேண்டும்.

எதை வைத்து முடிவெடுப்பது

முதலும் முக்கியமும்: கோளாறு பாக்ஸுக்கு வெளியே இருக்கிறதா, உள்ளேயா? இதற்கு ஊகம் போதாது, அத்தாட்சி வேண்டும்.

அடுத்தது, செய்த வேலையைப் பின்னால் திருப்ப முடியுமா? பழைய வண்டியில் நமக்குப் பின் இன்னொருவர் வருவார்.

செய்யப்போகும் கை எது, சாமான் எங்கிருந்து வரும்? நல்ல கை இல்லாத ஊரில் நல்ல யோசனையும் வீண்.

வண்டி எங்கே, எவ்வளவு ஓடுகிறது? மாதம் இரண்டு ஞாயிறு நகருக்குள் ஓடுவதும், வாரம் ஒருமுறை கோத்தகிரி ஏறுவதும் ஒன்றல்ல.

கடைசியாக, ஒரிஜினல் நிலை உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? 2021-இல் வந்த மத்திய அரசு விதியின்படி 50 ஆண்டு தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று தனியாகப் பதியலாம். நம்பரில் 'விஏ' என்று வரும். முதல் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கிற அந்த விதி சேஸி, பாடி, இஞ்சின் மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கியர் பாக்ஸைச் சொல்லவில்லை. 1976-இல் பதிவான டபிள்யூ123-க்கு 2026-இல் 50 வயது. ஆகவே இது இப்போது யோசிக்க வேண்டிய விஷயமாகிவிட்டது.

நான்கு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்:

| | வெளி வேலை | பிரித்துக் கட்டுவது | வேறு வண்டிப் பாக்ஸ் | மேனுவல் |
|---|---|---|---|---|
| செலவு | ஆயிரங்களில் | நான்கிலும் அதிகம் | நடுத்தரம், ஆனால் சூதாட்டம் | நடுத்தரம் முதல் அதிகம் |
| வண்டி நிற்கும் காலம் | சில நாள் | மாதக்கணக்கு | பாக்ஸ் கிடைப்பதைப் பொறுத்து | வாரங்கள் |
| திரும்ப முடியுமா | முடியும் | தேவையே இல்லை | முடியும் | எல்லாச் சாமானையும் வைத்திருந்தால் மட்டும் |
| மறைந்திருக்கும் செலவு | பொறுமை, பழைய ரப்பர் | டார்க் கன்வர்ட்டர் (இஞ்சினையும் பாக்ஸையும் ஆயிலால் இணைக்கும் உறுப்பு), கூலர், ரேடியேட்டர் | அதையும் பிரிக்க நேர்வது | ஃப்ளைவீல் பேலன்ஸ், விற்பனை மதிப்பு |

வழி 1: பாக்ஸைத் திறக்காமல் வெளியே சரிசெய்வது

யாராக இருந்தாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேலை வரிசையாகப் போகட்டும்.

முதலில் ஆயில் மட்டம். வண்டியைக் குறைந்தது அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, பார்க்கில் போட்டு, இஞ்சின் ஓடும்போதே டிப் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். குச்சியில் இருக்கும் கோடுகள் 80 டிகிரி சூட்டுக்கானவை. காலையில் ஷெட்டிலிருந்து எடுத்ததும் பார்த்தால் குறைவாகத்தான் தெரியும். அதை நம்பி ஊற்றினால் கூடிப்போகும். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 300 மில்லிதான். குச்சியைப் பனியன் துணியால் துடைக்காதீர்கள். அந்த நூல் ஒன்று, ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடிக்குள் போனால் போதும், சிக்கிக்கொள்ளும்.

குச்சியில் வரும் ஆயிலை வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாக இருந்தால் மாற்ற வேண்டிய காலம். கறுத்துக் கருகல் வாடை அடித்தால் உள்ளே கியரைப் பிடிக்கும் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது. ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது. வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கூலன்ட் பட்டால் கிளட்ச் பிளேட்டின் லைனிங் உரிந்துவிடும். சேலத்து நண்பருக்கு நடந்தது இதுதான்.

ஆயில் மாற்றும்போது அடித்தட்டை மட்டும் கழற்றினால் பாதிப் பழைய ஆயில் டார்க் கன்வர்ட்டரிலேயே தங்கிவிடும். இந்த வண்டியில் கன்வர்ட்டருக்கும் தனி டிரெய்ன் போல்ட் இருக்கிறது, 5 எம்எம் ஆலன் சாவி. கன்வர்ட்டரை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் இருக்கும் துளைக்கு நேராக அந்த போல்ட் வரும்வரை இஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். இந்த போல்டைப் பற்றித் தெரியாமலேயே வேலை செய்யும் பட்டறைகள் உண்டு, கூடவே நில்லுங்கள். ஃபில்டரையும் மாற்றுங்கள். அடித்தட்டில் சாம்பல் நிறப் பொடி கொஞ்சம் இருப்பது இயல்பு. பளபளக்கும் உலோகச் சீவல் இருந்தால் இயல்பல்ல. மெஷின் வைத்து அழுத்தத்தில் ஃப்ளஷ் செய்வதை 40 வயதுப் பாக்ஸுக்கு நான் விரும்ப மாட்டேன். தானாக வடியட்டும்.

அப்புறம் வேக்யூம். பம்பிலிருந்து வரும் மெயின் லைனில் 500 மி.மீ. பாதரசத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மாடுலேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். சிவப்பு ஆயில் ஒட்டினால் மாடுலேட்டரின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதை மாற்ற பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. பெட்ரோல் மாடலில் வேக்யூம் இன்டேக்கிலிருந்து நேராக வருவதால் வேலை இன்னும் சுருக்கம்.

கியர் தாமதமாக மாறினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து பாக்ஸுக்கு வரும் கேபிளைப் பாருங்கள். முழுக்க மிதித்தும் கியர் இறங்கி வேகமெடுக்கவில்லை என்றால் பெடலுக்கு அடியில் இருக்கும் கிக்டவுன் சுவிட்ச், அதன் ஃப்யூஸ். சாதாரணமாகப் புறப்படும்போது இந்தப் பாக்ஸ் இரண்டாம் கியரில்தான் கிளம்பும். அது கோளாறு இல்லை. முதல் கியர் விழவில்லை என்று பாக்ஸை இறக்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இந்த வழியில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. மாடுலேட்டரின் ரப்பர் மூடியைக் கழற்றினால் 'டி' வடிவத்தில் ஒரு திருகி தெரியும். அதைத் திருப்பி அழுத்தத்தைக் குறைத்தால் குத்துவது உடனே நின்றுவிடும், கியர் வெண்ணெய் போல மாறும். அந்த மென்மையில் பிளேட்டுகள் ஒவ்வொரு தடவையும் வழுக்கித் தேய்ந்துகொண்டிருக்கும். வேக்யூம் கசிவை அடைக்காமல், அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டாமல், அந்தத் திருகியை யாரையும் தொட விடாதீர்கள்.

வழி 2: பாக்ஸைப் பிரித்து ரீபில்ட் செய்வது

கருகல் வாடை, உலோகச் சீவல், ரோஸ்மில்க் இவற்றில் ஒன்று இருந்தால் பெரும்பாலும் இதைத் தவிர நேர்மையான வழி இல்லை. சூடானபின் கியர் போட்டதும் வண்டி இழுக்க வெகுநேரம் எடுத்து, ஆயில் மட்டமும் சரியாக இருந்தால் உள்ளே ரப்பர் சீல்கள் கல்லாகிவிட்டன என்று கொள்ளலாம்.

ஒரு விதிவிலக்கு. முன் கியர் ஒன்றுகூட விழவில்லை, ரிவர்ஸ் மட்டும் நன்றாக விழுகிறது என்றால் அவசரப்பட்டு பாக்ஸை இறக்காதீர்கள். முதல் மூன்று கியருக்கும் பி2 என்ற பேண்டை (சுழலும் டிரம்மை இறுக்கும் பட்டை) ஒரு பிஸ்டன் பிடித்துக்கொடுக்கிறது. அது உடைவது இந்த வரிசையில் தெரிந்த வியாதி. பாக்ஸ் வண்டியிலேயே இருக்கும்போது பக்கவாட்டு மூடி வழியாக அதை மாற்றிவிடலாம். சில மணி நேர வேலை.

முழு ரீபில்டில் கை யாருடையது என்பதே எல்லாம். டொயோட்டா பாக்ஸ் நூறு கட்டியவர் என்பது போதாது, இந்த 722 வரிசையைத் திறந்தவரா என்று கேளுங்கள். எத்தனை பிளேட், இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் எது, இடைவெளி எவ்வளவு என்று எழுதி வைக்கிறவரா என்று பாருங்கள். சீலும் பிளேட்டும் அடங்கிய கிட் ஜெர்மனியிலிருந்து வந்து சேரட்டும், அதற்கப்புறம் பாக்ஸைத் திறக்கட்டும். திறந்துபோட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும்போதுதான் சாமான் தொலைகிறது.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். எரிந்த பிளேட்டின் தூள் கன்வர்ட்டருக்குள்ளும் கூலர் குழாய்க்குள்ளும் தங்கியிருக்கும். அவற்றைச் சுத்தம் செய்யாமல் புதுப் பாக்ஸை மாட்டினால் அதே தூள் திரும்ப வந்து புது வால்வுகளில் உட்காரும். கூலன்ட் கலந்த வண்டியென்றால் ரேடியேட்டரையே மாற்ற வேண்டும். சேலத்து நண்பர் முதல் மதிப்பீட்டில் ரேடியேட்டரைச் சேர்க்கவே இல்லை. பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே ரப்பர் மவுன்ட், ப்ரொபெல்லர் ஷாஃப்டின் ரப்பர் டிஸ்க், இஞ்சின் பின் ஆயில் சீல் மூன்றையும் மாற்றிவிடுவது நல்லது. இன்னொரு தடவை இறக்கும் கூலி இந்தச் சாமான்களின் விலையைவிட அதிகம்.

எரிந்த ஒரு பிளேட்டை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது ஏன் எரிந்தது என்று பார்க்காமல் மூடப்படும் பாக்ஸ் மறுபடி எரியும்.

வழி 3: வேறு வண்டியிலிருந்து கழற்றிய பாக்ஸ்

ஷார்ஜாவின் பழைய சாமான் சந்தையில் உறவினர் இருக்கிறார், எடுத்து அனுப்புவார் என்று பலர் சொல்கிறார்கள். இந்தியாவுக்குள் பழைய உதிரிபாகம் கொண்டுவர அரசு அனுமதி வேண்டும் என்பதை முதலில் கணக்கில் எடுங்கள். அடுத்தது எண். 722.3 என்பது ஒரு குடும்பப் பெயர். இஞ்சினுக்கு ஏற்ப உள்ளே வால்வு பாடியும், வண்டியின் வேகத்தை உணரும் கவர்னரும் வேறுபடும். பாக்ஸின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் முழு எண் உங்கள் பழையதோடு பொருந்த வேண்டும். பெட்ரோல் வண்டிப் பாக்ஸை டீசலில் மாட்டிவிட்டு, கியர் மாறும் வேகம் ஏன் தவறுகிறது என்று தேடி அலுத்தவர்கள் உண்டு.

எண் பொருந்தினாலும், பல வருடம் காய்ந்து கிடந்த பாக்ஸின் சீல்கள் எப்படி இருக்கும் என்று மாட்டி ஓட்டும்வரை தெரியாது. நான்கிலும் எனக்குப் பிடிக்காத வழி இதுதான். பொருந்தும் ஒரு சந்தர்ப்பம் மட்டும் உண்டு: உங்கள் பாக்ஸின் அலுமினியக் கூடே உடைந்திருந்தால். அப்போதும் வாங்கிய பாக்ஸை மாட்டும் முன் பிரித்துச் சீல் மாற்றுவதற்குப் பணம் ஒதுக்குங்கள்.

வழி 4: மேனுவலாக மாற்றுவது

நம் ஊர்ப் பட்டறைகள் முதலில் சொல்வது இதைத்தான். காரணமும் நியாயமானது. மேனுவல் பாக்ஸ் எல்லோருக்கும் தெரியும், பாதி வழியில் நின்றால் ஆரணியிலும் ஆள் கிடைப்பார். இதே உடம்பில் மேனுவலோடு வந்த 240டி இருப்பதால் பெடல், பாக்ஸ், லிவர் எல்லாம் கம்பெனிச் சாமானாகவே பொருந்தும். பொருந்தாத பாக்ஸுக்கு லேத்தில் பிளேட் கடைந்து மாட்டுவதைத் தயவுசெய்து தவிருங்கள்.

சாமான் பட்டியலில் பலர் விடுவது ஃப்ளைவீல். ஐந்து சிலிண்டர் இஞ்சினில் ஃப்ளைவீல் அந்தந்த கிராங்கோடு சேர்த்து பேலன்ஸ் செய்யப்பட்டது. வேறு இஞ்சினிலிருந்து வந்த ஃப்ளைவீலை அப்படியே போட்டால் வண்டி நடுங்கும். ஆட்டோமேட்டிக்கில் ஃப்ளைவீல் இடத்தில் இருக்கும் பழைய ஃப்ளெக்ஸ் பிளேட்டையும் புது ஃப்ளைவீலையும் ஒன்றாக மெஷினில் ஏற்றி, ஒன்றுக்கு இணையாக இன்னொன்றை பேலன்ஸ் செய்யும் பட்டறையை முதலில் கண்டுபிடியுங்கள். அப்புறம் கிராங்க் முனையில் பைலட் பேரிங், கிளட்ச் மாஸ்டர், ஸ்லேவ், ப்ரொபெல்லர் ஷாஃப்டின் முன்பாதி நீளம், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் சுவிட்ச். 'பார்க்'கிலோ 'நியூட்ரல்'லிலோ இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகாதபடி செய்யும் சுவிட்சின் ஒயரையும் முறையாக மாற்ற வேண்டும். வெறுமனே முறுக்கி டேப் ஒட்டக்கூடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உங்கள் ஆர்.சி.யில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ஈரோட்டு நண்பருக்கு ஏன் இது சரி என்றேன்? அவர் வண்டி வாரம் இரண்டு தடவை மலை ஏறி இறங்குகிறது. அவருடைய பாக்ஸ் ஏற்கெனவே ஒரு தடவை அரைகுறையாகக் கட்டப்பட்டு மறுபடி எரிந்துவிட்டது. முழு 240டி மேனுவல் செட் ஒன்று உள்ளூரிலேயே கிடைத்தது. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் நான் வேண்டாம் என்றிருப்பேன். அதிலும் ஐந்து சிலிண்டர் டீசல் மெதுவாக இழுக்க, ஆட்டோமேட்டிக் அதை அவசரமில்லாமல் நான்காம் கியருக்குக் கொண்டுபோகும் அந்த நடைதான் இந்த வண்டியின் குணம் என்று நினைக்கிறவன் நான். அதை விட்டுக்கொடுக்கக் காரணம் பலமாக இருக்க வேண்டும்.

அவரிடம் நான் ஒரே ஒரு வாக்குறுதி வாங்கினேன், பழைய பாக்ஸை எடைக்குப் போடக்கூடாது என்று. போடவில்லை. கூலர் துளைகளுக்கு பிளாஸ்டிக் மூடி போட்டு, பாக்ஸுக்குள் புது ஆயில் ஊற்றி, டார்க் கன்வர்ட்டர், ஃப்ளெக்ஸ் பிளேட், கேபிள், லிவர், கழற்றிய போல்ட்டுகள் எல்லாம் தனித்தனிப் பையில் பெயர் எழுதி, மரப்பெட்டியில் அடைத்து வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறார். பெட்டி மூடியில் பாக்ஸ் எண்ணும் சேஸி எண்ணும் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது.